அந்நியக் களைகளும் அவற்றின் இயற்கைப் பகைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோர மணற்றரைகளிலும் மன்னார்ப் பகுதியின் வறண்ட வெளிகளிலும் நாகதாளிப் பற்றைகள் இன்றும் ஆங்காங்கே காணப்படுகின்றன. படமெடுத்த நாகத்தின் கழுத்தினையொத்த தட்டைத் தண்டும், மஞ்சட் பூவும், கருஞ்சிவப்பான பழமும், கொத்துக்கொத்தாக எழுந்து நிற்கும் முள்ளும் உடைய இச்செடியைக் காண்போர், இது தொன்றுதொட்டு இம்மண்ணிற்கே உரியதென எண்ணுதல் இயல்பு. சப்பாத்திக்கள்ளி எனவும் தமிழில் இதற்குப் பெயருண்டு. உண்மையில் இது கள்ளியுமன்று; இம்மண்ணிற்குரியதுமன்று. சங்கப் புலவர் பாலை நிலத்தையும் புறங்காட்டையும் பாடுமிடத்துக் கூறிய கள்ளி, கிள்ளிய மாத்திரத்திற் பால் வடியும் பிறிதொரு குடும்பத்தைச் சேர்ந்தது. நாகதாளியிற் பாலில்லை. அது அமெரிக்கக் கண்டத்திற்குரிய தாவரக் குடும்பம் ஒன்றின் வழிவந்தது. அக்குடும்பத்திலே, மரக்கிளைகளிற் தொற்றித் தொங்கும் முள்ளற்ற ஓரினம் மட்டுமே ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்வது. ஏனையவற்றை இப்பக்கம் கொணர்ந்தோர் மனிதரே. கொலம்பசின் காலத்துக்கு முன் வாழ்ந்த தமிழ்ப் புலவர் எவரும் நாகதாளியைக் கண்டிருத்தல் இயலாது.

வடிவினால் ஒத்திருத்தல் பற்றி ஒன்றன் பெயரை மற்றொன்றிற்கு இடுதல் உலக வழக்கு. அதனாற் புலவர்க்கும் பொதுமக்கட்கும் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால், பரவிவிட்ட களையை அடக்கக் கருதுவோர்க்கு இப்பெயர்க் குழப்பம் பல்லாண்டுக் கால முயற்சியை வீணாக்கக்கூடியது. நாகதாளியின் வரலாறும், அதன்பின் வந்த சல்வீனியா என்னும் நீர்க்களையின் வரலாறும் இதனை நன்கு புலப்படுத்துகின்றன. இவ்விரண்டிலும் இலங்கைக்கு ஒரு பங்குண்டு. அப்பங்கு இந்நாட்டில் அதிகம் அறியப்படாததொன்று.

வேற்று நாட்டிலிருந்து வந்த செடி யாவும் களையாவதில்லை. குடாநாட்டுக் கமக்காரரின் வாழ்வு எவற்றைத் தாங்கி நிற்கின்றதோ அவற்றுள் மிளகாயும் புகையிலையும் அமெரிக்காவிலிருந்து வந்தனவே. மரவள்ளியும் பப்பாசியும் அவ்வாறே. இவை மனிதன் நட்டு நீரூற்றிய இடத்தில் நின்றன. வேலி கடந்து ஓடவில்லை. வந்தவற்றுட் சில மாத்திரமே கட்டுக்கடங்காது பெருகின. அதற்குக் காரணங்கள் பலவாயினும் முதன்மையானது ஒன்று. ஒரு தாவரம் தன் தாயகத்தில் வாழுங்கால் அதனைத் தின்னும் பூச்சிகளும் அதனைப் பீடிக்கும் நோய்களும் உடன் வாழ்கின்றன. அது விதையாகவோ துண்டாகவோ கடல் கடந்து செல்லும்பொழுது இப்பகைகள் பின்தங்கிவிடுகின்றன. புதிய மண்ணிலுள்ள பூச்சிகளோ அதன் சாற்றுக்கும் முள்ளுக்கும் பழகாதவை. எதிர்ப்பின்றி வளரும் அத்தாவரம், உழுது கைவிட்ட நிலம், சீர்குலைந்த குளக்கரை, மாடு மேய்ந்து வெறுமையான தரவை என எங்கு இடைவெளி கிடைக்கின்றதோ அங்கெல்லாம் குடியேறுகின்றது. பின்தங்கிய பகையைத் தேடிச் சென்று கொணர்ந்து அதனோடு சேர்த்துவிடுவதே உயிரியற் கட்டுப்பாடு எனப்படும். இக்கொள்கை வகுக்கப்படுவதற்கு முன்னரே, எவரும் கருதாத வகையில், அஃது ஒருமுறை தென்னாசியாவில் நிகழ்ந்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பனியார் காலத்திற் சிவப்புச் சாயம் பெரும் பணப்பொருளாக விளங்கிற்று. மெக்சிக்கோவிலே நாகதாளி இனச் செடிகளின்மீது வளர்க்கப்பட்ட கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தியே அச்சாயம் பெறப்பட்டது. அவ்வணிகம் இசுப்பானியர் கையிலிருந்தது. சென்னையில் மருத்துவத் தலைவராயிருந்த ஜேம்ஸ் அண்டர்சன் என்பார் இப்பூச்சியை இந்தியாவிற் குடியேற்ற விழைந்து, சைதாப்பேட்டையில் அதற்கெனச் செடித் தோட்டம் ஒன்றை அமைத்தார். செடி இருந்தது, பூச்சி இல்லை. 1795 ஆம் ஆண்டிற் கல்கத்தா நோக்கிச் சென்ற கப்டன் நீல்சன் என்பவர் வழியிற் பிறேசில் நாட்டின் இரியோ டி ஜெனீரோவிற் தரித்தபொழுது, அங்குச் செடியொன்றின்மேல் வெண்பஞ்சு படிந்தாற்போல் மொய்த்திருந்த பூச்சிகளைக் கண்டு, செடியுடன் எடுத்துச் சென்றார். நசுக்கினாற் சிவப்புச் சாறு கசிந்தது. ஆகவே அதுவே கொச்சினீல் என முடிவுகட்டினர். அது கொச்சினீலின் உறவினமே. ஆயினும் சாயத்தொழிலுக்குரிய இனமன்று. அதன் சாயம் தரங்குறைந்தது. அதனினும் பெரிய கேடு, அஃது எந்தச் செடியின்மேல் வளர்க்கப்பட்டதோ அதனையே சாறு உறிஞ்சிக் கொன்றுவிட்டது.

சாய வணிகர்க்கு இது நட்டம். ஆனால், அக்காலத்தில் வட இந்தியாவிற் பற்றைபற்றையாக மண்டியிருந்த நாகதாளி இனம் ஒன்று இப்பூச்சியாற் சில ஆண்டுகளில் அருகிப்போயிற்று. இதனைக் கண்டவர்கள் 1836 முதல் 1838 வரையிலான காலத்தில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவிற்குக் கொண்டு சென்றனர். இம்முறை சாயத்தின் பொருட்டன்று, களையை அழித்தற்பொருட்டே. 1865 ஆம் ஆண்டளவில் அது தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. களையொன்றை அடக்குதற்கென்றே அதன் பகைப்பூச்சி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு எடுத்துச் செல்லப்பட்ட நிகழ்ச்சிகளுள் உலகில் முதலாவதாகப் பூச்சியியலார் குறிப்பது பாக்குநீரிணையைக் கடந்த இச்சிறு பயணத்தையே. பிற்காலத்தில் இலங்கையிற் பூச்சியியல் அறிஞராக விளங்கிய ஏர்னஸ்ட் கிறீன் 1896 ஆம் ஆண்டில் இதனை விவரித்து இலங்கையின் பெயராலேயே ‘சிலோனிக்கசு’ என அழைத்தார். பிறேசிலிற் பிறந்த பூச்சிக்கு இலங்கைப் பெயர் நிலைத்துவிட்டமை இவ்வரலாற்றிலுள்ள இன்னொரு வேடிக்கை.

பூச்சி வந்தது, ஓரினம் அழிந்தது, ஆனால் நாகதாளி அழியவில்லை. ஏனெனில், நாகதாளி என ஒரே பெயரால் மக்கள் அழைத்தவை உண்மையில் வெவ்வேறு இனங்கள். இலங்கையின் வறண்ட கரைகளிலும் திருநெல்வேலி, கோயம்புத்தூர் முதலிய தென்னிந்தியப் பகுதிகளிலும் நிலத்தைக் கவர்ந்து நின்ற முள்மிகுந்த இனத்தைச் சிலோனிக்கசு தொடவேயில்லை. இருவகைச் செடிகளும் அருகருகே நின்றாலும் ஒன்று வெண்பஞ்சு போர்த்து வாடிச் சாக, மற்றொன்று பசுமை குன்றாது நின்றது. வெட்டினாலோ, விழுந்த ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு வேறொரு பற்றையாயிற்று. பழத்தைத் தின்ற பறவைகள் விதையை வேறிடங்களுக்குக் கொண்டு சென்றன.

இதற்கு விடை வந்தது அவுஸ்திரேலியாவிலிருந்து. அதுவும் ஒரு கைம்மாறு போன்றது. அங்கே குவீன்சுலாந்திலும் நியூ சவுத் வேல்சிலும் நாகதாளி இனங்கள் பரவி, 1925 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கர் நிலத்தை மூடியிருந்தன. குடியானவர் பண்ணைகளைக் கைவிட்டுப் போயினர். இந்நிலை முற்றுமுன்னரே, குவீன்சுலாந்து அரசு 1912 ஆம் ஆண்டில் ஹாவி ஜோன்ஸ்டன், ஹென்றி திறையன் என்னும் இருவரை இச்செடியின் பகைகளைத் தேடி உலகைச் சுற்றிவர அனுப்பிற்று. அவர்கள் இலங்கையிலிருந்து சிலோனிக்கசைப் பெற்றுச் சென்றனர். 1914 ஆம் ஆண்டில் விடப்பட்ட அப்பூச்சி, இலங்கையில் அழித்த அதே இனத்தை அங்கும் அழித்தது. அவுஸ்திரேலியாவின் முதன்மைக் களையான மற்றை இனத்தை அங்கும் அது தொடவில்லை. பூச்சி தன் உணவில் எத்துணை உறுதியுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவுஸ்திரேலியர் மேலும் தேடி, வட அமெரிக்காவிலிருந்து கொச்சினீலின் வேறோர் உறவினத்தைப் பெற்றனர். அதுவே 1924 ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. முள்மிகுந்த நாகதாளிக்கு ஏற்ற பகை அதுவாயிற்று. 1926 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அது தென்னிந்தியா சென்று, அங்கு மிகப் பரந்த நிலத்தை விடுவித்தது. 1865 இல் வந்தவழியே, எதிர்த்திசையில், சரியான பூச்சி சென்று சேர 61 ஆண்டுகள் கழிந்தன.

அவுஸ்திரேலியாவின் சொந்த வெற்றி இதனினும் பெரிது. 1925 ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவிலிருந்து கக்ரோபிளாஸ்ரிஸ் என்னும் அந்துப்பூச்சியின் முட்டைகள் 2,750 அளவிற் கொணரப்பட்டன. அதன் குடம்பிகள் தண்டினுள்ளே குடைந்து தின்பவை. எட்டாண்டுகள் செல்வதற்குள் நாகதாளிக் காடு பெரும்பாலும் அழுகி வீழ்ந்தது. குவீன்சுலாந்திலுள்ள பூனார்கா என்னுமூரில் 1936 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட பொதுமண்டபத்திற்கு அப்பூச்சியின் பெயரையே இட்டனர். பூச்சிக்கு மண்டபம் எழுப்பிய மக்கள் வேறெங்கும் உளரோ என்பது ஐயமே.

இங்கு ஒன்று விளக்கப்படல் வேண்டும். இம்முறையிலே களை முற்றாக அழிவதில்லை. செடி குறையுமிடத்துப் பூச்சியும் உணவின்றிக் குறையும்; பூச்சி குறையுமிடத்துச் செடி சிறிது தலைதூக்கும்; மீண்டும் பூச்சி பெருகும். இவ்வாறு இரண்டும் தாழ்ந்ததோர் அளவில் நின்று ஊசலாடும். கரையோரங்களில் இன்றும் ஆங்காங்கே நாகதாளி நிற்பது பூச்சி தோற்றதன் அடையாளமன்று. அதுவே அம்முறையின் இயல்பு. நஞ்சு தெளிப்போர் ஒருநாளில் விளைவை எதிர்பார்ப்பர். பூச்சியை விடுவோர் ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருத்தல் வேண்டும். ஆயின் நஞ்சு ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கப்படுவது. பூச்சியோ தன்னைத் தானே பெருக்கிக்கொள்வது.

நிலத்தில் நிகழ்ந்த இக்கதை நீரிலும் நிகழ்ந்தது. ஆற்றுவாழை எனக் கீழ்மாகாண மக்கள் வழங்கும் நீர்ச்செடி, ஊதாப்பூவின் அழகுக்காக 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. 1909 ஆம் ஆண்டிலேயே அதனைத் தடுக்கச் சட்டம் பிறந்தது. சட்டத்தை மக்கள் மதித்தனரோ இல்லையோ, செடி மதிக்கவில்லை. அதனைத் தொடர்ந்து வந்தது சல்வீனியா. இது பூவாத் தாவரம். நீரில் மிதக்கும் பன்னம். 1939 ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்கு ஆய்வுத் தேவைக்காகக் கொணரப்பட்டது, எவ்வாறோ வெளியேறிற்று. 1950களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயலிலும் 2,000 ஏக்கர் நீர்நிலையிலும் அது பரவியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. வாய்க்கால் அடைபட்டது, நெல் நாற்று மூடுண்டது, படகு நகரவில்லை, வலை வீச இடமில்லை. தடித்த பச்சைப் பாயின் கீழ் ஒளியும் ஒட்சிசனும் குன்றியமையால் மீன்கள் மடிந்தன. வேர்களிற் தன் குடம்பிகளை ஒட்டவிட்டு வளரும் மன்சோனியா நுளம்பு அங்கு வசதியாகப் பெருகியது. யானைக்கால் நோயின் ஒருவகையைப் பரப்புவது அந்நுளம்பே.

சல்வீனியாவின் பெருக்கத்தை விளங்கிக்கொள்ள அதன் உடலமைப்பை அறிதல் வேண்டும். அதன் கலங்களில் 45 நிறமூர்த்தங்கள் உள. அவை ஐம்மடங்கான தொகுதி. ஒற்றைப்படையான இத்தொகுதி ஒழுங்காகப் பிரிவடைய இயலாமையால் வளமுள்ள வித்திகள் உண்டாவதில்லை. அச்செடி மலடு. ஆயினும் அம்மலட்டுத்தன்மை அதற்குத் தடையாகவில்லை. முறிந்த ஒவ்வொரு கணுவும் புதுச்செடியாகின்றது. சூடும் ஊட்டமும் வாய்த்த நீரில் இரண்டு மூன்று நாள்களில் அதன் அளவு இருமடங்காகும். கொழும்பிலும் ஆபிரிக்காவிலும் நியூகினியிலும் மிதந்தவை யாவும் ஒரே செடியின் துண்டுகள் என்று கூறினும் மிகையாகாது.

இதனை எதிர்த்துக் களைகொல்லி தெளித்தனர், கையால் வாரினர். தெளித்த நஞ்சு மீனையும் தாக்கும். வாரியெடுத்த பின் எஞ்சிய ஒரு பிடி மீண்டும் குளத்தை நிரப்பும். 1958 ஆம் ஆண்டின் இறுதியில் ஆபிரிக்காவிற் சாம்பேசி ஆற்றை மறித்துக் கரிபா நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபொழுது அங்கும் இச்செடி தோன்றி, 1962 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றரை மூடிற்று. அதன்பின்னரே உலகின் கவனம் இதன்மீது திரும்பியது. செடியின் பெயர் சல்வீனியா ஓரிக்குலாற்றா எனக் கொள்ளப்பட்டிருந்தமையால், அவ்வினம் இயற்கையாக வாழும் திரினிடாட்டிலும் அதனையடுத்த பகுதிகளிலும் பூச்சிகள் தேடப்பட்டன. ஒரு வெட்டுக்கிளி, ஓர் அந்துப்பூச்சி, ஒரு மூக்கு வண்டு ஆகிய மூன்றும் ஆபிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் கொண்டு செல்லப்பட்டன. பெரும்பாலும் பயன் விளையவில்லை. நாகதாளியிற் செய்த பிழையே நூறாண்டு கழித்து மீண்டும் செய்யப்பட்டது.

1972 ஆம் ஆண்டிற் கரிபாவில் ஆராய்ந்த மிச்செல் என்னும் தாவரவியலார், இக்களை ஓரிக்குலாற்றா அன்று, அதுவரை பெயர் பெறாத தனியினம் என நிறுவி, சல்வீனியா மொலெஸ்ரா எனப் பெயரிட்டார். ‘தொல்லை தருவது’ என்பது அதன் பொருள். புதிய பெயர் கிடைத்ததும் புதிய வினா எழுந்தது: இதன் தாயகம் எது? 1978 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளராகிய வென்டி போர்னோவும் கென் ஹாலியும் அதனைத் தென்கிழக்குப் பிறேசிலிற் கண்டனர். அங்கே அது களையாக இல்லை. பூச்சிகளாற் கடியுண்டு, அடங்கிய நிலையில் வாழ்ந்தது. அப்பூச்சிகளுள் ஒன்று இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள கரிய மூக்கு வண்டு. முன்னர் திரினிடாட்டிலிருந்து கொண்டுசென்று தோல்வியுற்ற வண்டே இதுவும் என முதலிற் கருதப்பட்டது. ஆயினும் இது வேறுவகையாக நடந்துகொண்டது. முதிர்ந்த வண்டு அரும்புகளைத் தின்ன, குடம்பி தண்டினுள்ளே குடைந்து சென்றது. 1980 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் குவீன்சுலாந்தின் மவுண்ட் ஐசா நகரருகேயுள்ள மூண்டாரா ஏரியில் இது விடப்பட்டது. ஓராண்டு சிறிது கடந்த காலத்துள் 200 ஹெக்ரேயர் அளவிற் படர்ந்திருந்த சல்வீனியா பழுத்து மூழ்கிவிட்டது. 1985 ஆம் ஆண்டில் இவ்வண்டும் புதிய இனமெனத் தெளியப்பட்டது. செடியும் தவறான பெயரில் வாழ்ந்தது. அதன் பகையும் தவறான பெயரிலேயே வந்து சேர்ந்தது. இம்முறை பெயர் பிழைத்தும் இடம் பிழைக்காமையாற் காரியம் கைகூடிற்று.

இலங்கையில் 1986 ஆம் ஆண்டில், அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளின் துணையுடன் இவ்வண்டு குளங்களிலும் வாய்க்கால்களிலும் விடப்பட்டது. 1924 ஆம் ஆண்டின் நட்பு இவ்வாறு மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. சில ஆண்டுகளுட் பெரும்பாலான இடங்களிற் சல்வீனியா கட்டுக்குள் வந்தது. 1989 ஆம் ஆண்டில் இம்முயற்சியின் வரவுசெலவை ஆராய்ந்த பொருளியலார் ஒருவர், செலவிட்ட ஒவ்வொரு பங்கிற்கும் 53 பங்கு பயன் கிடைத்ததென மதிப்பிட்டார். விவசாயத் துறையிற் செய்யப்படும் முதலீடுகளில் இத்தகைய பேறு அரிது.

எனினும் பூச்சியைக் கொணர்ந்து விட்டுவிட்டாற் போதும் என எண்ணுதல் தவறு. இதனைப் பப்புவா நியூகினியின் செபிக் ஆற்றுப் படுகையில் நிகழ்ந்தது காட்டும். 1970களில் அங்குப் புகுந்த சல்வீனியா 1979 ஆம் ஆண்டளவில் 250 சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பை மூடியது. தோணியே பாதையாகவும் மீனும் சவ்வரிசியுமே உணவாகவும் கொண்ட மக்கள் சந்தைக்கும் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் செல்லவியலாது தவித்தனர். சில ஊர்கள் கைவிடப்பட்டன. அவுஸ்திரேலியாவில் வென்ற அதே வண்டு கொண்டுவந்து விடப்பட்டது. வண்டு வாழ்ந்தது, ஆனாற் பெருகவில்லை. காரணத்தைத் தேடியோர் அதனைச் செடியிலேயே கண்டனர். ஊட்டங்குன்றிய நீரில் வளர்ந்த அச்செடியின் உடலில் நைதரசன் மிகக் குறைவு. நைதரசன் குறைந்த உணவிலே வண்டு போதிய முட்டை இடமாட்டாது. இதனையறிந்த பீற்றர் றூம் முதலியோர் செய்தது எவரும் எதிர்பாராதது. அழிக்கவேண்டிய களைக்கு அவர்கள் யூரியா உரமிட்டனர். சிறு பகுதியொன்றில் உரமேறிக் கொழுத்த அரும்புகளைத் தின்ற வண்டு பெருகத் தொடங்கிற்று. அது கடித்த செடியில் நைதரசன் எஞ்சிய இளம் அரும்புகளுக்கே திரளும் ஆதலால், பின்னர் உரமும் வேண்டியிருக்கவில்லை. வண்டேறிய செடிகளைச் சாக்கில் நிரப்பி ஊரூராக இட்டனர். 1985 ஆம் ஆண்டளவிற் செபிக் ஆறு மீண்டும் ஆறாக ஓடியது.

வெள்ளத்தின் பின்னோ, வடிகாலில் உரமும் கழிவும் கலந்ததன் பின்னோ, இலங்கைக் குளங்களிலும் சல்வீனியா மீண்டும் தலைகாட்டுவதுண்டு. அப்பொழுது அதன் நடுவரும்புகளை நோக்குதல் வேண்டும். அவை கருகிப் பழுப்பேறியிருப்பின் வண்டு அங்குத் தன் தொழிலைத் தொடங்கிவிட்டதென்பது பொருள். அந்நிலையில் நஞ்சு தெளிப்போரும், முழுவதையும் கரையில் வாரிக் குவிப்போரும் களையோடு வண்டையும் கொன்று, அடுத்த ஆண்டுக் களைக்கு வழிதிறந்துவிடுகின்றனர். அரும்புகள் யாவும் பசுமையாயிருப்பின், பழுப்பேறிய குளத்திலிருந்து சில கூடைச் செடிகளைக் கொணர்ந்து அதனுள் இடுதல் போதியது. இதற்கு இயந்திரமும் வேண்டியதில்லை, கேள்விப்பத்திரமும் வேண்டியதில்லை.

இம்முறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் அறிவுடைமையாகாது. நாகதாளியை வென்ற அதே குவீன்சுலாந்திலே, 1935 ஆம் ஆண்டிற் கரும்பு வண்டுகளைத் தின்னும் என எண்ணி அமெரிக்கத் தேரையொன்றை ஹவாயிலிருந்து கொண்டுவந்தனர். அது கரும்பு வண்டைத் தவிர ஏனைய யாவற்றையும் தின்றது. தன்னைத் தின்ற விலங்குகளை நஞ்சினாற் கொன்றது. எதையும் தின்பதைக் கொணர்தலுக்கும் ஒன்றையே தின்பதைக் கொணர்தலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஒன்றையே தின்பதாயினும் இடம் மாறினால் நட்பும் பகையாகலாம். கக்ரோபிளாஸ்ரிஸ் 1957 ஆம் ஆண்டிற் கரீபியத் தீவொன்றில் விடப்பட்டது; அங்கிருந்து தீவுதீவாகப் பரவி 1989 ஆம் ஆண்டிற் புளொரிடாவில் தோன்றிற்று. அடுத்து நிற்பது மெக்சிக்கோ. நாகதாளி அங்குக் களையன்று. காய்கறி, பழம், கால்நடைத் தீனி, நாட்டுக்கொடியிற் கழுகு அமர்ந்திருக்கும் சின்னம். 2006 ஆம் ஆண்டில் யூக்கற்றான் கரைக்கப்பாலுள்ள சிறு தீவொன்றில் அப்பூச்சி காணப்பட்டபொழுது மெக்சிக்கர் விரைந்து அதனை வேரறுத்தனர். பூனார்காவில் மண்டபம் பெற்ற பூச்சிக்கு மெக்சிக்கோவிற் கிடைத்த வரவேற்பு அது.

வட இலங்கையில் இன்று இவ்வினாவை எழுப்பி நிற்பது பார்த்தீனியம். அமெரிக்காவிற்குரிய இச்செடி 1950களில் இந்தியாவிற் காணப்பட்டது. இறக்குமதியான கோதுமையோடு வந்ததெனக் கருதப்படுகின்றது. இலங்கைக்கு, 1987 முதல் 1990 வரை நிலைகொண்ட இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொணரப்பட்ட ஆடுகளின் வழியாக விதை வந்திருத்தல் வேண்டும் என்பது பொதுவான விளக்கம். வவுனியாவில் இது பரவியிருத்தல் 1999 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. போரினாற் பயிரின்றிக் கிடந்த நிலம் அதற்கு விரித்து வைத்த பாயாயிற்று. இப்பொழுது குடாநாட்டின் தெருவோரங்களிலும் வெங்காயத் தறைகளின் வரம்புகளிலும் கரட் இலைபோன்ற அதன் இலையையும் சிறு வெண்பூவையும் காணலாம். தொட்டார்க்குத் தோல் அழற்சியும் அதன் மகரந்தத்தைச் சுவாசித்தார்க்கு இழுப்பும் விளையும். அதனைத் தின்ற மாட்டின் பால் கசக்கும்.

இதற்கும் பகை உண்டு. மெக்சிக்கோவிலிருந்து பெற்ற சைகோகிராமா என்னும் இலைவண்டு 1984 ஆம் ஆண்டிற் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலங்களிற் செடியை மொட்டையடிக்கவும் செய்தது. 1991 ஆம் ஆண்டிலே அவ்வண்டு சூரியகாந்தி இலையையும் கடிப்பதைக் கண்டு கமக்காரர் கலங்கினர். ஆராய்ந்தபொழுது, அயலிலுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைகளிற் படிந்திருந்தமையே வண்டை ஈர்த்ததென்பது தெரிந்தது. சூரியகாந்தி, செவ்வந்தி, கரிசலாங்கண்ணி, மூக்குத்திப்பூண்டு ஆகியவை யாவும் பார்த்தீனியத்தின் குடும்பத்தவையே. ஆதலால் எவ்வண்டைக் கொணர எண்ணினும், அந்நாட்டிலுள்ள இவ்வுறவினங்கள் ஒவ்வொன்றின்மீதும் அதனைப் பட்டினியிட்டுச் சோதித்தல் முன்செய்ய வேண்டிய பணி. அதற்கும் தாவரத்தைப் பெயர் பிழையாது இனங்காணவல்ல மாணவரும் ஆசிரியரும் வேண்டும்.

வண்டு இல்லாதவிடத்தும், உள்ள வண்டு வறட்சியில் மண்ணுக்குள் உறங்கும் காலத்தும், கையே கருவி. பார்த்தீனியம் முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களிற் பூக்கின்றது. ஒரு செடி 15,000 முதல் 25,000 வரை விதை தரவல்லது. விதைத்த செடியைப் பிடுங்கித் தெருவில் எறிதலும், எருக்குழியில் இடுதலும், வாகனத்தில் ஏற்றிச் செல்லுதலும் அதனை நட்டுப் பரப்புதலுக்கு ஒப்பாம். ஆகவே, வடகீழ்ப் பருவமழையின் முதல் ஈரம் கண்டு முளைத்த நாற்றுகளைப் பூக்குமுன், கையுறையணிந்து, மண் ஈரமாயிருக்கும்பொழுதே வேரோடு பிடுங்குதல் வேண்டும். பிடுங்கிய இடம் வெறுமையாக விடப்படின் மண்ணிலுள்ள பழைய விதை மீண்டும் முளைக்கும். அவ்விடத்திற் தகரையை விதைத்தாலும், பயறோ எள்ளோ நெருங்க விதைத்தாலும், அதன் நாற்று ஒளியின்றி நலியும். அதே நிலத்தை அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் சென்று பார்த்தல் வேண்டும். மண்ணுட் புதைந்த விதை சில ஆண்டுகளுக்கு உயிரோடிருக்கும்.